தரிசு நிலத்தில் மரம் வளர்ப்பது எப்படி: முதல் மண் சோதனையிலிருந்து மூன்றாவது கோடை வரை

மொட்டையாகக் கிடக்கிற நிலத்தைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: நூறு கன்று வாங்கி நட்டுவிடலாம். ஆசை நல்லதுதான். ஆனால் அந்த நிலம் ஏன் மொட்டையானது என்று கேட்காமல் கன்றை இறக்கினால், அங்கிருந்த செடிகொடிகளை எது அழித்ததோ அதுவே உங்கள் கன்றையும் அழித்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் நடவு பாதிக்கு மேல் போன பிறகுதான் வரும். அவசரக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நிலத்துக்கு என்ன ஆயிற்று?

ஒரு நிலம் கெடுவதற்குப் பெரும்பாலும் நாலைந்து காரணங்கள்தான். மழையும் காற்றும் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். வண்டியும் கால்நடையும் மிதித்து மண் இறுகியிருக்கும். உப்போ சோடியமோ சேர்ந்திருக்கும். ஓயாத மேய்ச்சலோ ஆண்டுதோறும் வைக்கப்படும் தீயோ எதையும் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கும். சில இடங்களில் சுரங்கமோ தொழிற்சாலைக் கழிவோ காரணம். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் எதுவும் தொடங்க வேண்டாம், குறிப்பாக சாப்பிடுகிற எதையும் வளர்க்க வேண்டாம். மற்ற இடங்களில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு.

முதலாவது, கட்டி சோதனை. பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் மண்ணில் ஓரளவு மட்கு இருக்கிறது என்று அர்த்தம். பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மட்கு குறைவு. தழையும் தொழுவுரமும் போட்டால் தேறும். கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது, அதாவது களர் நிலம். ஜிப்சம் இட்டு நல்ல நீரால் கழுவினால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மட்டும் மண் ஆய்வு முடிவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, நீர் இறங்கும் வேகம். இரு பக்கமும் திறந்த, 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பாவை மண்ணுக்குள் சில செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். அதில் 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். இரண்டாம் முறை ஊற்றி நேரம் பாருங்கள். சில நிமிடங்களில் இறங்கிவிட்டால் கவலையில்லை. ஒரு மணி நேரமாகியும் தேங்கி நின்றால், பெய்கிற மழையில் பெரும்பகுதி உங்கள் நிலத்துக்குள் போவதே இல்லை. இந்த எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து இதே இடத்தில் மறுபடி அளக்கப் போகிறோம்.

மூன்றாவதுக்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போதும். ஈரமான நாளில் கையால் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் முட்டி நிற்கிறதோ, வேரும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

மரமே வைக்கக் கூடாத இடங்கள்

மரம் இல்லாத நிலமெல்லாம் கெட்டுப்போன நிலம் அல்ல. இயற்கையான புல்வெளி, சதுப்பு, முட்செடிகள் பரவிய வறண்ட வெளி எல்லாம் தன்னளவில் முழுமையானவை. நீலகிரியின் மலையுச்சிப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் நட்ட சீகை மரம் பரவி, புல்வெளியையே விழுங்கியது. இன்று அதை வெட்டி அகற்றப் பாடுபடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே பிளோ கன்ட்ரி என்ற பெரும் கரிச்சதுப்பில் 1970களிலும் 80களிலும் ஊசியிலை மரங்களை நட்டார்கள். சதுப்பு வறண்டு, அதில் சேர்ந்திருந்த கார்பன் வெளியேறத் தொடங்கியது. பிறகு அந்த மரங்களையே வெட்ட வேண்டியதாயிற்று.

எனவே அந்த நிலம் முன்பு எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்து முதியவர்களிடம் கேளுங்கள். பழைய வரைபடமோ செயற்கைக்கோள் படமோ கிடைத்தால் இன்னும் நல்லது. எப்போதுமே புல்லாக இருந்த இடம் என்றால் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதே உங்கள் வேலை.

கெடுப்பதை முதலில் நிறுத்துங்கள்

ஆடு மேயும் இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் பயனில்லை. வேலி போடலாம், ஆனால் வேலிக்கு முன் ஒரு பேச்சு தேவை. அந்த நிலத்தில் இத்தனை நாள் மேய்த்தவர் யார், விறகு எடுத்தவர் யார், குறுக்கே நடந்து போனவர் யார்? அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மேய்ச்சலுக்கு ஒரு பகுதியை ஒதுக்குவது, புல்லை அறுத்து எடுத்துக்கொள்ள விடுவது, நடைபாதையை அப்படியே வைத்திருப்பது என்று ஏதாவது ஒன்றில் ஒத்துப்போக முடியும். கேட்காமல் போட்ட கம்பிவேலி ராத்திரியோடு ராத்திரியாக அறுந்து கிடக்கும். முள்வேலி, உயிர்வேலி எல்லாம் அப்புறம்.

சீனாவின் மஞ்சள் ஆற்றுப் பகுதியில் லோயஸ் பீடபூமி என்ற, காற்று கொண்டுவந்து குவித்த பொடிமண்ணாலான பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. உலகிலேயே மிக மோசமாக மண் அரித்த இடங்களில் ஒன்று. 1994 முதல் உலக வங்கி உதவியோடு அங்கே நடந்த மீட்டெடுப்பு வேலையில், சரிவுகளில் கட்டுப்பாடின்றி மேய்ப்பதை நிறுத்தியதும் நிலத்தைப் படிப்படியாக வெட்டித் தளமாக்கியதும்தான் அடிப்படை. மேய்ச்சல் நின்ற பல சரிவுகளில் யாரும் நடாமலேயே புல்லும் புதரும் வந்தன.

தீ வருகிற இடமாக இருந்தால், வறட்சிக் காலம் தொடங்குமுன் எல்லையைச் சுற்றிச் சில மீட்டர் அகலத்துக்குச் சருகையும் புல்லையும் நீக்கித் தீத்தடுப்புப் பாதை போட்டுவிடுங்கள்.

தண்ணீரைத் தடுத்து நிறுத்துங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலைக்குத்தான் முழுப் பருவத்தையும் ஒதுக்க வேண்டும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 30 மி.மீ. மழை பெய்தால் 3 லட்சம் லிட்டர். இறுகிப்போன சரிவில் அதில் பெரும்பகுதி மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். அதை நிலத்துக்குள் இறக்கிவிட்டால் குடம் சுமக்கிற வேலை பாதியாகக் குறையும்.

இதற்குச் சரிவில் சமமட்டக் கோடு கண்டுபிடிக்க வேண்டும். விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்களை விரித்து, நடுவில் குறுக்காக ஒரு கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இப்போது இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, வலக்கால் இருந்த இடத்தில் இடக்காலையும் இடக்கால் இருந்த இடத்தில் வலக்காலையும் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரியான நடுவில் ஒரு குறி வையுங்கள். கயிறு அந்தக் குறியில் நிற்கும்போது இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. சரிவில் ஒரு முளைக்குச்சி அடித்து, அங்கே ஒரு காலை ஊன்றி, மறுகாலை முன்னும் பின்னும் நகர்த்தி, கயிறு குறியில் நிற்கும் இடத்தில் அடுத்த குச்சி. இப்படியே போனால் வளைந்து வளைந்து ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில்தான் தோண்ட வேண்டும். காற்றடிக்கிற நாளில் இதைச் செய்யாதீர்கள், கயிறு ஆடிக்கொண்டே இருந்து பொறுமையைச் சோதிக்கும்.

கோட்டில் சுமார் 45 செ.மீ. அகலமும் ஆழமும் கொண்ட அகழியை வெட்டி, எடுத்த மண்ணைப் பள்ளப் பக்கம் வரப்பாகப் போடுங்கள். நீளமாக ஒரே அகழியாக வெட்டாமல் சில மீட்டருக்கு ஒரு முறை இடைவெளி விட்டால், ஓரிடத்தில் உடைந்தாலும் மொத்தத் தண்ணீரும் ஓடாது. சரிவு கூடக் கூட வரிசைகளை நெருக்கமாகப் போடவும். பெருமழையில் நிரம்பி வழிகிற தண்ணீர் போக, கல் பதித்த வழி ஒன்றைக் கட்டாயம் விடுங்கள். செங்குத்தான, சரியும் குணமுள்ள மலைச்சரிவில் அகழி வேண்டாம். ஊறிய மண் மொத்தமாகச் சரிந்துவிடும். அங்கே வெட்டிவேர் வரிசை நட்டாலே நிறைய மண் நிற்கும்.

நீர் அரித்து ஓடையாகவே ஆகிவிட்ட இடங்களில் சின்னச் சின்னக் கல் தடுப்புகள் போட வேண்டும். மேலேயிருந்து கீழாக வேலையைத் தொடங்குங்கள். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்துக் கரையை அறுத்துக்கொண்டு போகும். கீழ்த்தடுப்பின் உச்சி, அதற்கு மேலே உள்ள தடுப்பின் அடி மட்டத்தில் இருந்தால் இடைவெளி சரி.

தட்டையான, சிமெண்டுத் தரை போல இறுகிப்போன நிலத்துக்கு வேறு வழி. மேற்கு ஆப்பிரிக்காவில் சாய் என்று அழைக்கப்படும் குழி முறை: 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் சிறு குழிகளைக் கோடையிலேயே தோண்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எருவோ மட்கோ போட்டு வைப்பார்கள். எருவைத் தேடிவரும் கரையான் மண்ணைத் துளைக்கும், அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கும். புர்கினா பாசோ நாட்டு விவசாயி யாகூபா சவடோகோ 1980களில் இந்தப் பழைய முறையைப் பெரிதாக்கிச் செய்தார். தானியத்துக்காகத் தோண்டிய குழிகளில் மரக்கன்றுகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் காத்ததில் சுமார் 40 ஹெக்டேர் காடு உருவானது. 2018-ல் அவருக்கு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. நம்மில் பலர் மருந்தடித்து விரட்டுகிற கரையானை அவர் கூலியில்லா ஆளாக வைத்துக்கொண்டார்.

ஏற்கெனவே உயிரோடு இருப்பதைத் தேடுங்கள்

கன்று வாங்கப் புறப்படுமுன் நிலத்தை ஒரு முறை குனிந்து பார்த்தபடி நடந்து வாருங்கள். முழங்கால் உயரத்தில் புதர் போல இருப்பது உண்மையில் வெட்டப்பட்ட மரத்தின் தூரிலிருந்து கிளம்பும் தளிராக இருக்கலாம். மேலே குட்டையாகத் தெரிந்தாலும் கீழே முழு வேர் இருக்கிறது. ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் டோனி ரினாடோ நைஜரில் மரம் நட்டு நட்டு, நட்டதெல்லாம் காய்ந்துபோய்ச் சலித்திருந்தார். 1983-ல் ஒரு நாள், மணலில் போக டயரில் காற்றைக் குறைப்பதற்காக வண்டியை நிறுத்தியபோதுதான், சுற்றிலும் இருக்கும் புதர்கள் வெட்டுப்பட்ட மரங்கள் என்று கவனித்தார். விவசாயிகள் அவற்றைக் காத்து வளர்க்கத் தொடங்க, இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

செய்முறை எளிது. ஒரு தூரில் பத்திருபது தளிர்கள் இருந்தால் நேராக, திடமாக உள்ள மூன்று முதல் ஐந்தை விட்டுவிட்டு மற்றதைக் கூரிய கத்தியால் சுத்தமாக வெட்டுங்கள். விட்ட தண்டுகளில் கீழ்ப்பாதியிலுள்ள பக்கக் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். வெட்டியதை அங்கேயே பரப்புங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாகக் கிளம்பும் தளிரை நீக்கினால் போதும். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். வாங்கி நட்ட கன்று இதன் வேகத்தோடு போட்டி போடவே முடியாது. இப்படிப்பட்ட தூர்கள் நிறைய இருக்கும் நிலம் என்றால், கன்று வாங்க வைத்திருந்த பணத்தைக் காவலுக்குச் செலவிடுங்கள்.

மரத்துக்கு முன் மண்ணை மூடும் செடிகள்

வெறும் தரையில் வெயில் நேராக விழுந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர் பிழைக்காது. அதனால் முதல் மழையில் ஏதாவது ஒரு பச்சையைப் பரப்புங்கள். சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு போன்றவை பரவலாக வளரும். களர் நிலத்தில் தக்கைப்பூண்டு தாங்கும். மேய்ச்சல் தொல்லை இருந்தால் கொளுஞ்சி; ஆடுமாடு அதைப் பெரிதாகச் சீண்டாது, வறட்சியும் தாங்கும். பூக்கிற சமயத்தில் வெட்டி, சமதளமானால் மண்ணோடு மடக்குங்கள். சரிவானால் உழ வேண்டாம், மேலேயே கிடக்கட்டும்.

விதைப்பந்து பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எறிவதற்கு உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் இறுகிய தரைமேல் கிடக்கிற விதை, முளைத்தாலும் வேர் இறங்க வழியில்லாமல் அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். அதே விதையைக் கொத்திவிட்ட மண்ணில், விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றி, மேலே கொஞ்சம் சருகு போட்டால் வாய்ப்பு பல மடங்கு. நேரடி விதைப்பில் ஆணிவேர் மடங்காமல் நேராக இறங்கும் என்பது கூடுதல் லாபம். வாகை, வேல மர வகைகள் போன்ற கடின ஓடுள்ள விதைகளைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு, ஆறும்வரை ஊறவைத்து விதையுங்கள். வேப்ப விதையைச் சேமித்து வைக்க நினைக்காதீர்கள். சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.

எந்த மரம்?

அருகில், இதே மண்ணும் மழையும் உள்ள ஆரோக்கியமான இடத்தில் எது தானாக வளர்ந்திருக்கிறதோ அதுவே உங்கள் பட்டியல். இணையத்தில் கிடைக்கும் "சிறந்த பத்து மரங்கள்" வகைப் பட்டியல்கள் உங்கள் நிலத்தைப் பார்க்காதவர்கள் எழுதியவை.

காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுப் பாக்டீரியா மூலம் பிடிக்கிற முன்னோடி மரங்கள் முதலில் வரட்டும். அகத்தி, கிளைரிசிடியா, வாகை, புங்கன், கருவேலம் எல்லாம் அந்த வகை. சவுக்கு இவற்றைப் போல அவரைக் குடும்பம் இல்லை. ஆனாலும் பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யும். மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். அதே சமயம், காய் நெற்று மாதிரி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிட முடியாது. புளி, சரக்கொன்றை, மயிற்கொன்றை மூன்றும் நெற்று காய்ப்பவைதான், ஆனால் அவற்றின் வேரில் முடிச்சு வருவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு இளங்கன்றின் வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.

முன்னோடிகளின் நிழல் விழத் தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மெதுவாக வளரும் நீண்டகால மரங்களை நடுவே நடலாம். வெயிலில் பொசுங்குகிற கன்றுகளை ஏற்கெனவே உள்ள முட்புதரின் ஓரத்தில் வைப்பது நல்ல தந்திரம். நிழலும் கிடைக்கும், ஆட்டிடமிருந்து காவலும் கிடைக்கும்.

வேகமாக வளர்கிறது என்பதற்காக வெளியிடத்து மரத்தைக் கொண்டுவராதீர்கள். சீமைக்கருவேலத்தை இந்தியாவிலும் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் தரிசைப் பசுமையாக்கத்தான் கொண்டுவந்தார்கள். இன்று அதைப் பிடுங்குவதே தனி வேலையாகிவிட்டது. ஒரே மரத்தை மட்டும் நடுவதும் வேண்டாம். ஒரு பூச்சி வந்தால் எல்லாம் போகும். மழை குறைந்த இடத்தில் நெருக்கமாக நடுவதும் ஆபத்து. முன்பு சொன்ன லோயஸ் பீடபூமியிலேயே, வறண்ட பகுதிகளில் அடர்த்தியாக நட்ட மரங்கள் அடிமண் ஈரத்தை உறிஞ்சித் தீர்த்துவிட்டு, வயதான பிறகும் குட்டையாகவே நின்றன. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியின் முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்றுக்கு மேலேயே நடுவார்கள். மழையோ பாசனமோ போதுமான சின்ன இடங்களுக்கு அது சரி. வறண்ட பெருநிலத்துக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 400 கன்று என்பதே தொடக்கத்துக்குப் போதும்.

கன்று வாங்கும்போது

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய பையில் நெடுநெடுவென்று வளர்ந்த கன்றின் வேர், பைக்குள் சுற்றிச் சுற்றி முறுக்கியிருக்கும். அப்படியே நட்டால் சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் சாயும். பென்சில் தடிமனில் தண்டு, அரை மீட்டருக்குள் உயரம், பைக்கு வெளியே வேர் வராத கன்று போதும். முடிந்தால் நாற்றங்காலில் ஒரு கன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

நடுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே கன்றை வெயிலில் வைத்து, தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். நிழல்வலைக்குள் செல்லமாக வளர்ந்ததை நேராகப் பொட்டலில் கொண்டுபோய் வைத்தால் ஒரே வாரத்தில் தலை தொங்கிவிடும்.

நடவு

முதல் தூறலில் நடக் கூடாது. மழைக்காலம் உறுதியாகி, தோண்டிப் பார்த்தால் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் ஈரம் இறங்கியிருக்கிற நாளில் தொடங்குங்கள். அதற்காகத் தாமதித்து மழைக்காலத்தின் கடைசியிலும் நடாதீர்கள். வேர் இறங்க நாள் வேண்டும்.

குழியைக் கோடையிலேயே எடுத்து ஆறப் போட்டிருப்பது நல்லது. 45 செ.மீ. நீளம், அகலம், ஆழம் போதும். இறுகிய மண்ணில் 60 செ.மீ. வரை போகலாம். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் போடவும். களிமண்ணில் மண்வெட்டி பட்ட குழிச்சுவர் மழமழவென்று ஆகிவிடும், வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும். கம்பியால் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். குழி சதுரமாக இருந்தால் மூலையில் வேர் வெளியேற வழி கிடைக்கும்.

மேல்மண்ணோடு நன்றாக மட்கிய எரு இரண்டு மூன்று கை கலந்து நிரப்புங்கள். மட்காத சாணம் வேரைச் சுடும், கரையானை நேராகக் கன்றுக்கே கூட்டிவரும். யூரியா போன்ற நைட்ரஜன் உரமும் வேண்டாம். அது இருந்தால் வேர்முடிச்சு உருவாவதே குறையும். அதற்குப் பதில், அதே வகை மரம் செழிப்பாக நிற்கும் இடத்தின் அடியிலிருந்து ஒரு கை மண் எடுத்து வந்து வேரருகே போடுங்கள். வேரோடு கூட்டு வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் வரும். நோயுள்ள மரத்தடியில் மட்டும் எடுக்காதீர்கள்.

பையை முழுவதும் கிழித்து எடுங்கள். சுற்றியிருக்கும் வேரை நறுக்குங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்து, தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும், மேலே விட்டால் வேர் காயும். மண்ணைக் காலால் இதமாக மிதித்து, உடனே தண்ணீர் ஊற்றுங்கள், மழை பெய்துகொண்டிருந்தாலும் சரி. வேரைச் சுற்றியுள்ள காற்றுப்பைகள் மூடத்தான் இந்தத் தண்ணீர். சரிவாக இருந்தால் கன்றின் பள்ளப் பக்கம் பிறை வடிவில் ஒரு வரப்பு போடுங்கள்.

அடுத்தது மூடாக்கு. சருகு, வைக்கோல், வெட்டிய புல் எதுவானாலும் ஒரு மீட்டர் வட்டத்துக்கு 10 செ.மீ. கனத்தில் பரப்புங்கள். தண்டை ஒட்டி நாலு விரல் இடைவெளி விட வேண்டும். வறண்ட இடத்தில் எதுவும் கிடைக்காவிட்டால் தட்டைக் கற்களை அடுக்கினாலும் ஈரம் நிற்கும்.

முட்டுக்குச்சி காற்று பலமாக அடிக்கும் இடத்தில் மட்டும் போதும். கட்டும்போது தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சற்று ஆடினால்தான் தடிக்கும்.

அடுத்த மூன்று ஆண்டுகள்

நடவு நாளில் வந்த கூட்டம் இப்போது இருக்காது. ஆனால் கன்று சாவதும் பிழைப்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. 2019 நவம்பரில் துருக்கியில் ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்று நட்டார்கள். சில மாதங்களில் அங்குள்ள வனத்துறைத் தொழிற்சங்கம், சோதித்த இடங்களில் 90 சதவீதம் வரை செத்துவிட்டது என்றது. அரசு மறுத்தது. யார் சொன்னது சரியோ, தவறான பருவத்தில் நட்டதும் தண்ணீர் இல்லாததும்தான் அந்தச் சங்கம் சொன்ன காரணம்.

முதல் கோடையில் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கெடுதல். வேர் மேலேயே நின்றுவிடும். பத்து நாளுக்கு ஒரு முறை 10 முதல் 15 லிட்டர் மெதுவாக இறங்கும்படி விடுங்கள். மணற்பாங்கான மண்ணுக்கு இடைவெளியைக் குறையுங்கள். மெருகு பூசாத மண்பானையைக் கன்றுக்கு அருகே கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவைத்தால் நீர் கசிந்து வேருக்கு மட்டும் போகும். இரண்டாம் கோடையில் நீரைப் பாதியாக்குங்கள். மூன்றாவதில் கன்று வாடிக் கெஞ்சினால் மட்டும்.

கன்றைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல்லை நீக்குங்கள். அதற்கு வெளியே உள்ள புல்லைத் தொடாதீர்கள், அது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளைரிசிடியா, அகத்தி போன்றவை ஆளுயரம் தாண்டியதும் ஆண்டுக்கு இரண்டு முறை கிளையை வெட்டி அடுத்த கன்றுகளின் காலடியில் போடுங்கள். வெளியிலிருந்து உரம் கொண்டுவருவது அதன்பின் அநேகமாகத் தேவைப்படாது.

கணக்கெடுப்பு முதல் கோடை முடிந்ததும். நட்ட எண்ணிக்கையை விடுங்கள், பிழைத்ததை எண்ணுங்கள். வகை வாரியாகவும், மேடு பள்ளம் வாரியாகவும் தனித்தனியாக எண்ணினால்தான் பயன். ஒரு வகை மட்டும் மொத்தமாகப் போயிருந்தால் மரத்தேர்வு தவறு. ஒரு மூலையில் மட்டும் எல்லா வகையும் போயிருந்தால் அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது, கம்பியும் டப்பாவும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்டு கடிபட்டிருந்தால் வேலியைப் பாருங்கள். காரணம் தெரிந்த பிறகுதான் பாடுவாசி, அதாவது கன்று செத்து வெறுமையான இடங்களை, நிரப்ப வேண்டும். செத்த இடத்தில் அதே கன்றை மறுபடி வைப்பது பணத்தைப் புதைப்பது. இரண்டாம் ஆண்டு நிரப்புகிற கன்றுகளில், முதல் ஆண்டு நன்றாகப் பிழைத்த வகையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கோடை தாண்டியதும் பழைய தகர டப்பாவை எடுத்து அதே இடத்தில் 440 மி.லி. ஊற்றுங்கள். தண்ணீர் முன்பைவிட வேகமாக இறங்கினால், மூடாக்கை விலக்கும்போது மண்புழு எச்சமும் வெள்ளைப் பூஞ்சை இழையும் தெரிந்தால், நீண்டகால மரங்களை இறக்க நேரம் வந்துவிட்டது. அவற்றுக்கு வெளிச்சம் விட முன்னோடி மரங்களில் சிலவற்றை வெட்ட வேண்டியிருக்கும். தயங்காமல் வெட்டுங்கள், வேரைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டினால் அது மண்ணுக்குள்ளேயே மட்கும், நீர் இறங்க வழியும் விடும். வெட்டிய கிளையையும் இலையையும் நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோக யாரையும் விடாதீர்கள். புதுக்கன்றுகளின் மூடாக்கு அதுதான்.